ஊவா மேட்டுநிலம் தரிசாகக் கிடந்ததில்லை

இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பற்றிய பொதுநூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் தேயிலை வணிகத்தின் விளம்பரங்களிலும் ஊவாவுக்கென்று ஒரு கதை நிலைபெற்றுவிட்டது. பதுளையிலிருந்து அப்புத்தளை வரை விரிந்த இந்த உயர்நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் யானைகள் உலவிய காடும் எதற்கும் உதவாத புல்வெளியுமாகக் கிடந்தது என்றும், பிரித்தானியத் துரைமார் முதலில் கோப்பியோடும் பின்னர் தேயிலையோடும் வந்து அதை வாழ்நிலமாக்கினார்கள் என்றும், ஊவாவின் வரலாறு அப்போதுதான் தொடங்குகிறது என்றும் அந்தக் கதை சொல்கிறது. இதைத் திருப்பிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆயினும் இது பிழையான கதை. நிலத்தின் அமைப்பும், பழைய ஆட்சிகளின் சான்றுகளும், இக்கதையால் பயனடைந்தவர்கள் தாமே இயற்றிய சட்டங்களும் இதை மறுக்கின்றன. மேலும், இது ஏட்டோடு நிற்கும் பிழையும் அன்று. நிலம் யாருக்குரியது, யார் எங்கே குடியிருக்கலாம், எந்த ஊற்று யாருக்காக ஓட வேண்டும் என்ற கேள்விகளுக்கு இன்றைக்கும் இக்கதையே மறைமுகமாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஊவா தட்டையான பீடபூமி அன்று. மூன்று பக்கங்களில் உயர்ந்த மலைத்தொடர்களால் சூழப்பட்டு, வடகிழக்கில் மகாவலி கங்கையை நோக்கித் திறந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. மேற்கே, 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலையிலிருந்து ஹக்கலை வழியாக ஹோர்ட்டன் சமவெளி வரை செல்லும் தொடர் நிற்கிறது. தெற்கே அப்புத்தளைத் தொடர், வெல்லவாயச் சமநிலத்தை நோக்கி ஒரே சரிவாக இறங்கும் பெருஞ்சுவராக எழுந்துள்ளது. கிழக்கே நமுனுகுலையும் மடுல்சீமை மலைகளும் எல்லையிடுகின்றன. இவற்றுக்கிடையில் வெலிமடை, பண்டாரவளை, தியத்தலாவை ஆகிய ஊர்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,400 மீட்டர் வரையான உயரத்தில் அலையலையான குன்றுகளின்மேல் அமைந்திருக்க, பதுளை நகரம் 700 மீட்டரளவில் தாழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் லொக்கல் ஓயாவும் வடக்கே மகாவலியில் சேர, கிரிந்தி ஓயா தெற்கே இறங்குகிறது. நமுனுகுலையில் பிறக்கும் மாணிக்க கங்கையும் அதே திசையில் ஓடிக் கதிர்காமத்தைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது. இந்த உயர்நிலம் எவ்வாறு தோன்றியது என்பதில் புவியியலாளரிடையே நெடிய விவாதம் உண்டு. தீவு முழுவதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூன்று அரிப்புத் தளங்களாக, அதாவது மழையும் ஆறும் நீண்டகாலம் தேய்த்துச் சமமாக்கிய பரப்புகளாக, 1929ஆம் ஆண்டில் ஆடம்ஸ் விளக்கினார். பின்னர் வாடியா, பாறைத் தொகுதிகள் பிளவுகளின் வழியே தூக்கப்பட்டதே காரணம் என்றார். இங்கே அந்த விவாதத்தைவிட முக்கியமானது மலைச்சுவர்களால் விளையும் காலநிலை.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது; வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும்போது, ஊவாவின் உட்பகுதியில் பெரும்பாலான இடங்களுக்கு 2,000 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோதான் கிடைக்கிறது. மலையைத் தாண்டி வரும் அதே காற்று, ஈரம் இழந்த வறண்ட கச்சானாக ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவின்மேல் வீசுகிறது. அந்த மாதங்களில் கொழுந்து மெல்ல வளர்வதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் தனி மணம் வாய்க்கிறது. ஆனால் இதே வறட்சியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து அதற்கேற்ப வாழ்ந்த மக்கள் இங்கு இருந்தார்கள் என்பதைத் தேயிலைப் பொட்டலத்தின் மேலுறை சொல்வதில்லை. அவர்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்திலும் பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களிலும் கிடைத்தது; பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஓயாக்களை மறித்துச் சிறு அணைகள் கட்டி, மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, படிப்படியாக அமைத்த வயல்களில் நெல் விளைத்தார்கள். வயலுக்கு மேலே வீட்டுத் தோட்டம், அதற்கு மேலே மாடுகளும் எருமைகளும் மேயும் புல்நிலம், அதற்கும் மேலே ஊற்றுகளைக் காக்கும் காடு, காட்டின் ஓரங்களில் சில ஆண்டுகள் பயிரிட்டுப் பல ஆண்டுகள் ஓய்வுக்கு விடும் சேனை நிலம் என்று ஒரு கிராமம் மலையின் அடிமுதல் முடிவரை பரந்திருந்தது. நெல்வயலை மட்டும் கிராமமென்று எண்ணி மற்றவற்றைத் தரிசென்று குறித்தவர்கள், அந்த மலையில் ஒரு குடும்பம் எப்படி உயிர்வாழ்கிறது என்பதையே காணாதவர்கள்.

தரிசுக் கதையினர் முதலில் சுட்டுவது பத்தனையை. பத்தனை என்பது ஊவாவின் குன்றுகளை மூடியிருந்த புல்வெளி. ஏறத்தாழ 1,500 மீட்டருக்குக் கீழே மானாப்புல் மேலோங்கிய வறட்சிப் பத்தனையாகவும், அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியில் உள்ளது போன்ற ஈரப் பத்தனையாகவும் அதைப் பிரிப்பர். மரம் வளராத மண் பயனற்ற மண் என்பதே வாதம். 1899ஆம் ஆண்டில் பியர்சன் என்ற தாவரவியலாளர் பத்தனைகளின் தாவரங்களை முறையாக ஆராய்ந்து எழுதியது முதல், இப்புல்வெளிகளைக் காலநிலை உண்டாக்கியதா, மனிதர் இட்ட தீ உண்டாக்கியதா என்ற கேள்வி பலமுறை விவாதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அவை நிலைத்திருப்பதில் தீக்குப் பங்கே இல்லை என்று வாதிட்டவர்களைக் காண்பது அரிது. வறண்ட கச்சான் மாதங்களில் முதிர்ந்த புல்லுக்குத் தீயிட்டு, மழை விழுந்ததும் எழும் இளந்தளிரில் கால்நடை மேய்ப்பது இப்பகுதிக் கிராமங்களின் பழைய வழக்கம். மனிதர் இடும் தீயினால் பேணப்படும் ஒரு புல்வெளி, அங்கே மனிதர் இருந்தார்கள் என்பதற்கே சான்றாகும். இல்லை என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது நியாயமன்று. பண்டாரவளைப் பகுதியின் குன்றுகளில் கிடைத்துள்ள படிகக்கல்லால் ஆன நுண்கருவிகள், வேளாண்மைக்கு நெடுங்காலம் முன்பே இந்த வெளிகளில் வேட்டை மாந்தர் திரிந்ததைக் காட்டுகின்றன.

எழுத்துச் சான்றுகளும் குறைவல்ல. மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டு, பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று, அங்கிருந்த சந்தை ஊர் ஒன்றின் வணிகர்களும் குடிகளும் அரச அலுவலர்களின் முறையற்ற வசூலைப் பற்றி மன்னனிடம் முறையிட்டதையும், அதன்பேரில் சந்தைக்கு விதிகள் வகுக்கப்பட்டதையும் பதிவு செய்கிறது. வரி, எடை, தண்டம், வணிகர் உரிமை என்று பேசும் கல்வெட்டு யானைக்காட்டில் எழாது. பதுளையின் முதியங்கன விகாரை நெடுங்கால யாத்திரைத் தலம். 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினு த சா படையோடு ஏறிவந்து பதுளையைச் சூறையாடி எரித்தார். திரும்பும் வழியில் வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெலையில் கண்டிப் படைகளிடம் சிக்கி அவரும் அவரது படையும் அழிந்தனர். சூறையாடுவதற்கு அங்கே ஒரு நகரம் இருந்தது என்பதும், ஒரு தளபதி தன் படை முழுவதையும் பணயம் வைக்கும் அளவுக்கு அது முக்கியமானது என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன. மலைநாட்டுக்கும் அம்பாந்தோட்டைக் கரைக்கும் இடையே உப்பும் பாக்கும் ஏற்றிச் சென்ற பொதிமாட்டு வரிசைகள் தவளம் எனப்பட்டன. அவற்றை நடத்தியவர்களில் முஸ்லிம் வணிகர்கள் பலர். ஊவாவை அடுத்த வெல்லஸ்ஸவில் அப்போக்குவரத்துக்குப் பொறுப்பாக ஹாஜி மரைக்காரை ஆங்கிலேயர் நியமித்ததே 1817ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்று. சிங்களக் குடியானவர், முஸ்லிம் வணிகர், கதிர்காமத்துக்கு நடந்த தமிழ் யாத்திரிகர் என்று பலரும் கடந்துசென்ற நிலத்தை ஆளற்றதென்று சொல்வதற்கு வரலாற்றில் இடமில்லை.

அப்படியென்றால், 1830களிலும் 1840களிலும் ஊவாவுக்கு வந்த ஆங்கிலேயர் கண்ட வெறுமை பொய்யா என்று கேட்கலாம். பொய்யன்று. அந்த வெறுமையை உண்டாக்கியது யார் என்பதுதான் கேள்வி. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி இராச்சியத்தைப் பெற்ற ஆங்கிலேயருக்கு எதிராக 1817ஆம் ஆண்டில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் எழுந்தன. பதுளையின் ஆங்கிலேய அதிகாரியான வில்சன் அவ்வாண்டே கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட, திசாவை எனப்படும் மாகாண ஆளுநரான கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். தேசாதிபதி பிரவுன்ரிக்கின் படைகள் போர்க்களத்தில் மட்டும் போரிடவில்லை. ஊர்களை எரித்தன, நெற்களஞ்சியங்களை அழித்தன, கால்நடைகளைக் கொன்றன, பலன்தரும் மரங்களை வெட்டின, வயல்களுக்கு நீர் தந்த அமைப்புகளைச் சிதைத்தன. பட்டினியை ஆயுதமாக்கியே கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. 1818 நவம்பர் 26 அன்று கெப்பெட்டிபொல தலை வெட்டப்பட்டு இறந்தார். அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய படைமருத்துவர் ஜோன் டேவி, 1821ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், போரிலும் நோயிலும் பஞ்சத்திலும் இறந்த நாட்டு மக்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேராக இருக்கலாம் என்று மதிப்பிட்டார். எதிரிகளின் பக்கத்து மருத்துவர் ஒருவரின் மதிப்பீடு இது.

யானைவேட்டைக்காரர் மேஜர் ரொஜர்ஸின் கதை இங்கேதான் தன் உண்மைப் பொருளைப் பெறுகிறது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இத்தனை யானைகள் திரிந்த நிலம் மனித வாசமற்ற காடாகத்தானே இருந்திருக்கும் என்பது தரிசுக் கதையினர் விரும்பி எடுத்துக்காட்டும் வாதம். ஆனால் யானை, அடர்ந்த முதுகாட்டைவிட, கைவிடப்பட்ட சேனைகளிலும் வயல்களிலும் முளைக்கும் புதர்க்காட்டையே அதிகம் நாடும் விலங்கு. இலங்கையின் வறள்வலயத்தில் இது மிகத் தெளிவாகக் காணப்படுகிறது. ரொஜர்ஸ் வேட்டையாடியது, எரிக்கப்பட்ட ஊர்களின் வயல்கள் ஒரு தலைமுறைக் காலம் புதராகிக் கிடந்த நிலத்தில். ஊர்களை அழித்த அரசு, அழிவின் மேல் முளைத்த புதரையும் அதில் புகுந்த யானையையும் காட்டி அந்த நிலம் எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று சொல்வதை ஏற்க முடியாது.

நில உரிமை கைமாறியதன் சட்டவடிவம் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, குடியேறாத நிலம், பயிரிடாத நிலம் ஆகிய அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியவை என்று அது கொண்டது. கண்டிப் பகுதிகளில் சேனை நிலத்துக்கு உரிமை கோருவோர் மன்னர் வழங்கிய சன்னஸ், அதாவது நிலக்கொடைச் சாசனம், போன்ற சான்றைக் காட்ட வேண்டியிருந்தது. நிரூபிக்கும் பொறுப்பு அரசிடமிருந்து குடியானவனிடம் தள்ளப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வீடும் களஞ்சியமும் எரிக்கப்பட்ட ஊவாவில் ஓலைச் சாசனங்கள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம், 1844ஆம் ஆண்டில் விலை ஒரு பவுணாக உயர்த்தப்படும் வரையில், ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகள் பலர் இருந்தனர். தரிசு என்ற சொல் இயற்கையை விவரிப்பதற்காக அச்சட்டத்தில் இடப்படவில்லை. அது உரிமையைப் பறிக்கும் கருவியாக இடப்பட்டது. துரைமார் உண்மையில் தேடி வாங்கியது தரிசென்று அவர்களே இகழ்ந்த பத்தனையையும் அன்று. பத்தனை மண் கோப்பிக்கு ஆகாதென்று ஒதுக்கிவிட்டு, கிராமங்களின் ஊற்றுகளைக் காத்த காடுகளையே வாங்கி வெட்டி எரித்தார்கள்.

கோப்பியைத் துரைமார் கொண்டுவந்தார்கள் என்ற கூற்றும் பாதி உண்மைதான். கண்டிக் கிராமங்களின் வீட்டுத் தோட்டங்களில் கோப்பி முன்பே இருந்தது. 1830களில் தீவின் கோப்பி ஏற்றுமதியில் பெரும்பங்கு அச்சிறு தோட்டங்களிலிருந்தே வந்தது. பிற மரங்களின் நிழலில் அங்குமிங்குமாக நின்ற அந்தக் கோப்பிக்கும், மலை மலையாகக் காட்டை மொட்டையடித்து ஒரே பயிராக நட்ட கோப்பிக்கும் உள்ள வேறுபாட்டை ஊவாவே உலகத்துக்குக் காட்டியது. கோப்பி இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் இலங்கையில் முதன்முதலாக 1869ஆம் ஆண்டில் காணப்பட்ட இடம் மடுல்சீமை. அங்கிருந்து அது மலைநாடு முழுவதும் பரவி இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரத்தையே வீழ்த்தியது. 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பதென்னையை வாங்கியபோது, வீழ்ந்த கோப்பித் தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. தேயிலை ஊவாவைக் கண்டுபிடிக்கவில்லை. திவாலான ஒரு முயற்சியின் இடத்தை அது நிரப்பியது. ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்து, பதுளையை அடைய 1924 வரை காத்திருந்தது. தெமோதரையின் வளைவும் ஒன்பது வளைவுப் பாலமும் வியக்கத்தக்க பொறியியல் என்பதில் ஐயமில்லை. அவை இன்று கிராமத்தவரையும் தோட்டத்தவரையும் ஏற்றிச் செல்கின்றன. அவ்வேலைத்திறனுக்குரிய மதிப்பைக் கொடுப்பதற்கு அதற்கு முந்திய வரலாற்றை அழிக்க வேண்டியதில்லை.

தரிசுக் கதையை மறுக்கும்போது அதன் மறுபக்கமாக எழுந்த இன்னொரு பிழையையும் மறுக்காமல் விடுவது நேர்மையாகாது. மலைநிலம் முழுவதும் கண்டிக் குடியானவருக்கு உரியதாக இருந்தது, அதைத் தோட்டத் தமிழர் வந்து பிடித்துக்கொண்டனர் என்பது அப்பிழை. குடியானவர் நிலம் இழந்தது உண்மை. 1951ஆம் ஆண்டின் கண்டிக் குடியானவர் ஆணைக்குழு அறிக்கை அவர்களது வறுமையை விரிவாகப் பதிவு செய்தது. ஆனால் நிலத்தை எடுத்தது 1840ஆம் ஆண்டுச் சட்டம். தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த தொழிலாளி அன்று. அவனுக்கு ஒரு பிடி நிலமும் கிடைக்கவில்லை. ஆள்சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகி, அக்கடனின் அளவைக் குறித்த துண்டு என்னும் சீட்டோடு அவன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டான். அம்முறை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெரட்டு என்னும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கும் கொழுந்து நிறுவைக்கும் இடையே வாழ்நாளைக் கழித்த அவனும் அவன் மனைவி மக்களும் குடியிருந்த லயம் என்னும் வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தமாகவே இருந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் மூன்று தலைமுறையாகத் தேயிலை வளர்த்த குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன. நிலத்தை இழந்த சிங்களக் குடியானவனும் நிலமே பெறாத தமிழ்த் தொழிலாளியும் ஒரே கணக்கேட்டின் இரண்டு பக்கங்களில் எழுதப்பட்டவர்கள். ஒருவனை மற்றவனுக்கு எதிரியாகக் காட்டும் எழுத்து, அந்த ஏட்டை எழுதியவர்களைத் தப்பவிடுகிறது.

இந்த நிலத்தில் மக்கள் இல்லை என்று எண்ணும் பழக்கம் ஆங்கிலேயரோடு போய்விடவில்லை. உமா ஓயாவின் நீரைச் சுரங்கத்தின் வழியே தெற்கே கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்குத் திருப்பி, 120 மெகாவாட் மின்சாரமும் பாசன நீரும் பெறத் திட்டமிட்டபோது, அம்மலையின் பாறை வெடிப்புகளில் தேங்கிய நீரையே நம்பி வாழும் ஊர்கள் மேலே இருக்கின்றன என்பது போதிய அளவு கணக்கில் எடுக்கப்படவில்லை. 2014ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பெருகிக் கசிந்தது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூன் மாதம் மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்தார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அதே 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 அன்று காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் அம்மக்களுக்குப் போவதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. அப்புத்தளைச் சுவரின் தென்சரிவு செங்குத்தானது என்பது புவியியல். அதன் கீழே பல தலைமுறைகளாக ஒரு சமூகம் வேறிடம் இன்றி நிறுத்தப்பட்டிருந்தது வரலாறு. இதை இயற்கை அனர்த்தம் என்று மட்டும் எழுதுவது பாதியை மறைப்பதாகும்.

தோட்டங்களை 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் அரசுடைமையாக்கியது. 1992ஆம் ஆண்டு முதல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் 53 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. கைமாற்றங்கள் இத்தனை நடந்தபோதும் லயத்தில் வாழ்பவர் எந்த ஆவணத்திலும் நிலத்துக்கு உரியவராக ஆகவில்லை. 2018ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்படும் வரையில் பிரதேச சபைகளால் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சாலையோ குடிநீரோ செய்துகொடுக்கக்கூடச் சட்டத்தடை இருந்தது. ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று அளந்து வீட்டுக் காணி வழங்குவது இன்றைக்கும் கருணையின் செயலாகப் பேசப்படுகிறது. தரிசுக் கதையை நம்புகிறவருக்கு அது கருணையாகவே தோன்றும். ஊவாவின் வரலாற்றை எழுதுவோரும் கற்பிப்போரும் 1818ஐயும் 1840ஐயும் 1948ஐயும் ஒரே பாடத்தில் வைக்க வேண்டும். உமா ஓயாக் கரையின் கிராமத்தவரும் கொஸ்லந்தைச் சரிவின் தோட்டத்தவரும் தங்கள் காணிக் கோரிக்கையை ஒன்றாகச் சேர்ந்து முன்வைக்க வேண்டும். பெருந்தோட்டக் குத்தகைகள் 2045ஆம் ஆண்டில் முடிவடைகின்றன. நீர்ப்பிடிப்புக் காடு எது, குடியிருப்புக் காணி எது, பயிர்நிலம் எது என்பதை அங்கே வாழ்பவர்களோடு உட்கார்ந்து தீர்மானிக்கும் வேலையை அதற்கு முன்பே, இப்போதே, அரசு தொடங்க வேண்டும்.